பதின்மூன்று வியாழனுக்கு மேல்

அந்த வருடங்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு ஆட்டச் சான்றிதழையும் கொண்டுவந்தார்கள். ஜாதகம் பொருந்தாவிட்டால் பரிகாரம் செய்துகொள்ளலாம். சான்றிதழில் ‘மறைதுணை உண்டு’ என்று இருந்தால் பெண் வீட்டார் காபிகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாப்பிள்ளை முப்பது நாளைக்கு ஒருமுறை வேறு எந்தப் பக்கமோ இழுபடுகிறான் என்று ஆட்டமானி சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. அவன் ரகசியமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது சர்க்கரை வியாதி டாக்டரை என்றாலும் சரிதான்.

ஆட்டமானி வானத்துக்காகச் செய்த கருவி. தூரத்து நட்சத்திரத்தைச் சுற்றிவரும் கோளை நேராகப் பார்ப்பது கடினம். நட்சத்திரத்தின் வெளிச்சம் அதை விழுங்கிவிடும். ஆனால் அந்தக் கோள் நம் வியாழனைப்போலப் பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு கனமாக இருந்தால் அது நட்சத்திரத்தையே லேசாக அசைக்கும். ஒரு சமயம் நம்மை நோக்கி, ஒரு சமயம் அந்தப் பக்கமாக. அந்த ஆட்டத்தைப் பொறுமையாக அளந்தால் போதும். கண்ணுக்கே தெரியாத கோள் எத்தனை நாளில் சுற்றுகிறது, எந்த நாளில் கிட்டே வரும், எத்தனை வியாழன் கனம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

மனிதர்களும் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்பது யார் மண்டையில் முதலில் உதித்ததோ, அவன் விளங்கவே மாட்டான். நடக்கிற வேகம், தூங்கப் போகும் நேரம், பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம், எந்த பஸ்ஸில் ஏறினான், கடையில் என்ன வாங்கினான் என்று போனும் செருப்பும் ரேஷன் அட்டையும் சேர்ந்து எல்லோருக்கும் ஒரு வளைவு வரைந்தன. அந்த வளைவை ஆட்டமானியில் போட்டால் அவரை அசைக்கும் ஆள் இருக்கிறாரா, அவர் எவ்வளவு கனம் என்று தெரிந்துவிடும்.

முதலில் கல்யாணத் தரகர்கள் வாங்கினார்கள். பிறகு கம்பெனிகள். கடைசியில் அரசாங்கத்தின் இணக்க வாரியம் வாங்கியது. ஊரில் போராட்டம் என்றால் தெருவில் நிற்பவர்களைப் பிடித்து என்ன பயன், அவர்களை ஆட்டிவைக்கிறவன் எங்கோ ஒளிந்திருக்கிறான், அவனைத்தான் பிடிக்க வேண்டும் என்பது வாரியத்தின் கட்சி. கனத்தோர் சட்டம் வந்தது. வானியல்காரர்களின் அளவையே சட்டமும் எடுத்துக்கொண்டது. வானத்தில் பதின்மூன்று வியாழனுக்கு உள்ளே இருந்தால் அது கோள். தாண்டினால் அதன் வயிற்றுக்குள் கன ஹைட்ரஜனான டியூட்டீரியம் பற்றிக்கொள்ளும். அதைப் பழுப்புக் குள்ளன் என்பார்கள். அரைகுறை நட்சத்திரம், தானே எரியக்கூடியது. சட்டத்திலும் அதே பதின்மூன்றுதான். உள்ளே இருந்தால் மூன்று வருடக் கண்காணிப்பு. தாண்டினால் தூக்கு.

செண்பகவல்லி கல்வராயன் மலையில் தூரத்து நட்சத்திரங்களின் கோள்களைத் தேடும் ஒரு புறக்கோள் ஆய்வகத்தில் இருந்தாள். நாற்பத்தெட்டு வயது, சொந்த ஊர் கோவில்பட்டி. கனமான புறக்கோள்களைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் சாப்பிட்டு, ஒரே பாதையில் நடந்து, ஒரே நேரத்தில் படுத்து, தன் வளைவைக் கோடு போட்டமாதிரித் தட்டையாக வைத்திருந்தாள். யாராவது சிரிப்பு மூட்டினால்கூட அளவாகத்தான் சிரிப்பாள். சக ஊழியர்கள் அவளைக் கல் என்று சொன்னார்கள்.

காரணம் அவளுடைய தம்பி திருமேனி. தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்த்தவன். அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது துண்டறிக்கைகள் எழுதியது அவன்தான். மூவாயிரம் பேர் அதைப் படித்துவிட்டு வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு அவன் தலைமறைவு. அவனையும் அவன் மனைவி வடிவையும், தான் பெயர் வைத்த அவர்கள் மகள் ஆதிரையையும் செண்பகவல்லி பார்த்து இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிவிட்டது. போனால் ஆட்டம் காட்டிக்கொடுத்துவிடும். தன்னால் அவன் மாட்டக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வாழ்க்கையில் வேறு லட்சியம் கிடையாது.

அவளுக்கு இன்னொரு பாரமும் இருந்தது. கண்கட்டு விதியை எழுதியவள் அவள்.

மாணவியாக இருந்த காலத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த ஒரு நட்சத்திரத்துக்கு இல்லாத கோளைக் கண்டுபிடித்து, ஊரெல்லாம் அறிவித்து, ஆறே மாதத்தில் மூக்குடைபட்டாள். வேண்டும் என்று நினைத்ததால் தெரிந்த கோள் அது. அந்த அவமானத்தில்தான் விதியை எழுதினாள். வளைவை ஆராய்கிறவருக்கு அது எந்த நட்சத்திரம் என்று சொல்லக்கூடாது. ஊகிக்க முடியாதபடி நாள் கணக்கையும் ஒரு ரகசிய எண்ணால் பெருக்கி, வெறும் அலகாக மாற்றித் தர வேண்டும். முடிவில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெயர் உள்ள உறையைப் பிரிக்கலாம். பெயர் தெரிந்த பிறகு எக்காரணம் கொண்டும் ஒரு எண்ணைக்கூட மாற்றக்கூடாது. உலகம் முழுக்க அதைப் பின்பற்றினார்கள்.

வாரியம் ஆட்டமானியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனபோது, அதிகாரிகள் தங்களுக்குப் பிடிக்காதவனைத்தானே கண்டுபிடிப்பார்கள் என்று வக்கீல்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வாரியம் கண்கட்டு விதியை எடுத்து நீட்டியது. ஆராய்கிறவருக்கு ஆள் யார் என்றே தெரியாது, பிறகு எங்கிருந்து ஓரவஞ்சனை வரும்? நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். செண்பகவல்லி இதைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டாள். அன்றைக்கே இயக்குநர் கோதண்டபாணிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். இனி நட்சத்திரங்களை மட்டும்தான் பார்ப்பேன், மனிதர்களின் வளைவைத் தொடமாட்டேன். அவரும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

எழுபத்தேழாம் எண் கோப்பு தை மாதம் வந்தது. கோதண்டபாணியே எடுத்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தார்.

“மேடம், மெஷின் இத வெறும் இரைச்சல்னு தள்ளிடுச்சு. நம்மாளுங்க ரெண்டு பேரும் கைய விரிச்சிட்டாங்க. நீங்க ஒரு தடவ பாருங்களேன்.”

“எந்தத் தொலைநோக்கியில எடுத்தது சார்?”

“அதச் சொன்னா கண்கட்டு என்னாகிறது? நீங்க எழுதின விதிதானே.”

அவளுக்கே சிரிப்பு வந்தது. அளவாகச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

மூவாயிரம் அலகு நீளமுள்ள வளைவு. பார்த்தால் குழந்தை கிறுக்கினமாதிரி இருந்தது. நட்சத்திரத்தின் மேலே கறைகள் வந்து போகும், அதுவும் ஆட்டமாகவே தெரியும். எது கறை, எது கோள் என்று பிரிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. எழுபது அலகுக்கு ஒருமுறை ஒரு சின்ன அலை வந்துகொண்டே இருந்தது. நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் காலம் அது என்று முடிவு செய்து கழித்தாள். கழித்ததும் அடியில் ஏதோ அசைந்தது. மூன்று வாரம் அதையே கட்டிக்கொண்டு கிடந்தாள். ஒருநாள் சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போனாள். அவள் கணக்கில் அது பெரிய துணிச்சல்.

நானூற்று இருபது அலகுக்கு ஒரு சுற்று. ஏழு சுற்றும் அச்சு அசலாக ஒத்துப்போயின. சுற்றுப்பாதை நீண்டு மெலிந்த வட்டம். பெரும்பாலான நேரம் தூரத்திலேயே கிடந்துவிட்டு, சட்டென்று கிட்டே பாய்ந்து வந்து, நட்சத்திரத்தை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போய்விடுகிறது. கனம் பதினாலு புள்ளி ஒன்று வியாழன்.

ஒரு மத்தியானம் முழுக்க அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நீள்வட்டத்தில் ஒரு கோள் போவதும், வட்டப்பாதையில் இரண்டு கோள்கள் போவதும் சில சமயம் ஒரே மாதிரி வளைவைத் தரும். முதலாவது ஒரு சுற்று வருவதற்குள் இரண்டாவது இரண்டு சுற்று வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். நானூற்று இருபதில் ஒன்று, இருநூற்றுப் பத்தில் ஒன்று என்று போட்டுப் பார்த்தாள். அதுவும் பொருந்தியது. ஆனால் ஒரு கோளே போதுமானால் இரண்டாவதைச் சேர்க்கக்கூடாது என்பது ஆய்வகத்தின் பழக்கம். மாணவர்களுக்கு அவளே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். இரண்டைத் தள்ளிவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டாள்.

அடுத்து எப்போது கிட்டே வரும் என்ற கட்டத்தில் ஒரு எண்ணை எழுதி, நாலு அலகு முன்பின் இருக்கலாம் என்றாள். குறிப்புக் கட்டத்தில் ‘பழுப்புக் குள்ளன் எல்லையைத் தாண்டியது, தானே எரியக்கூடியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பத்து வருடத்தில் அவளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. கடைக்கு ஆள் அனுப்பிக் கடலைமிட்டாய் வாங்கிவரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தாள். கல் கடலைமிட்டாய் கொடுத்ததை இரண்டு நாள் பேசிக்கொண்டார்கள்.

ஒன்பது நாள் கழித்து உறை பிரித்தார்கள். ஆய்வகத்தில் அது ஒரு சின்ன விசேஷம். எல்லோரும் கூடுவார்கள், டீ வரும், இயக்குநர் உறையை வெட்டி நட்சத்திரத்தின் பெயரைப் படிப்பார், கைதட்டுவார்கள். அன்று வெளியாள் ஒருவரும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, ஐம்பது வயது, சாந்தமான முகம். பரமானந்தம் என்று சொன்னார், எங்கிருந்து வருகிறார் என்று சொல்லவில்லை.

கோதண்டபாணி உறையை வெட்டினார். படித்தார். தாளை அப்படியே செண்பகவல்லியிடம் நீட்டினார்.

‘வடிவு. வயது முப்பத்து நான்கு. தூத்துக்குடி. கணவர் திருமேனி, தலைமறைவு. ஒரு நாள் என்பது பத்து அலகு.’

“உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நானே வந்தேன்மா,” என்றார் பரமானந்தம். “வாரியத்துல ரெண்டு வருஷமா தேடினோம். நேத்து காலையில பத்தே முக்காலுக்கு ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல உங்க தம்பி கிடைச்சார். நீங்க சொன்னதுக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம்.”

செண்பகவல்லி தாளை மறுபடி படித்தாள்.

“நட்சத்திரம் மட்டும்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன்.”

“தெரியும்மா. அதனாலதான் சொல்லல. சொன்னா நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. பார்த்தாலும் சொந்த அக்கா, வேணும்னே தப்பா எழுதியிருப்பாங்கன்னு யாராவது கிளப்புவாங்க. இப்ப அந்தப் பேச்சுக்கே இடமில்ல. உங்களுக்கே தெரியாதே. இதவிட நேர்மையான சாட்சி எங்க கிடைக்கும்?”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே அவளை மதித்தார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எல்லோரும் போன பிறகு கோதண்டபாணி இழுப்பறையிலிருந்து அவளுடைய கடிதத்தை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். இனி அதை வைத்துக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

மறுநாள் செண்பகவல்லி தூத்துக்குடிக்கு பஸ் ஏறினாள். தட்டையாக வைத்திருந்த வளைவு இனி எக்கேடு கெட்டால் என்ன. வழியெல்லாம் அழுதாள். பக்கத்து சீட்டில் இருந்த பெண், இப்படி அழுதால் ஆட்டத்தில் பதியுமே என்று பயந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள்.

வடிவு குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“வாங்க மதினி.”

“ஆஸ்பத்திரில என்ன வடிவு? யாருக்கு என்ன?”

“ஆதிரைக்கு ரத்தத்துல புத்து மதினி. பத்து மாசமாச்சு. ஒங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னுட்டாக ஒங்க தம்பி. சொன்னா அக்கா ஆட்டம் மாறிரும், அவளையும் புடிச்சிருவானுகன்னு.”

செண்பகவல்லி கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். ஏழு வயதுப் பெண், தலையில் ஒரு முடி இல்லை, தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஊசி குத்தின இடமெல்லாம் கன்றிப் போயிருந்தது. உள்ளே போய்த் தொடுவதற்கு அவளுக்குக் கை வரவில்லை.

“மூணு வாரத்துக்கு ஒருக்க மருந்து ஏத்துவாக,” என்றாள் வடிவு. “ஏத்துற அன்னைக்கு நான் மனுசியாவே இருக்க மாட்டேன். ஒங்க தம்பி ஒண்ணுவிட்டு ஒண்ணுக்கு வருவாக. எல்லாத்துக்கும் வந்தா தெரிஞ்சிரும்லா. வந்து பிள்ளைய மடில போட்டுக்கிட்டு அரமணிநேரம் இருப்பாக. என்கிட்ட ரெண்டு வார்த்தை. அம்புட்டுதான், போயிருவாக.”

மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இருபத்தொரு நாள். ஒன்றுவிட்டு ஒன்று என்றால் நாற்பத்திரண்டு. பத்தால் பெருக்கினால் இருநூற்றுப் பத்து, நானூற்று இருபது. எழுபது அலகுச் சின்ன அலை நட்சத்திரத்தின் சுழற்சி இல்லை. அது வாரம், ஞாயிற்றுக்கிழமை. வடிவை ஒருவன் உலுக்கவில்லை. புருஷன் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று இரண்டு பேர் உலுக்கியிருக்கிறார்கள். பிள்ளையின் வலியையும் சேர்த்துத் தம்பியின் கனமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் செண்பகவல்லி.

“எப்படி மதினி கண்டுபுடிச்சானுக? அவுக வார நேரம் எனக்கே தெரியாது.”

“நான்தான் கண்டுபிடிச்சேன் வடிவு. யாருன்னு தெரியாம நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.”

வடிவு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“பிள்ளைக்கு இந்த மருந்து முடியட்டும்,” என்றாள். “அதுக்குப் பொறவு நான் ஒங்கள என்ன செய்யணும்னு யோசிக்கேன்.”

செண்பகவல்லி அந்தத் தாழ்வாரத்திலேயே இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டாள். வடிவிடம் மருந்துச் சீட்டுகளை வாங்கி, ஊசி போட்ட தேதிகளையெல்லாம் வளைவின் மேல் குறித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிள்ளையின் பங்கைப் பிரித்து எடுத்த பிறகு திருமேனியின் கனம் பதினொன்று புள்ளி ஆறு. பதின்மூன்றுக்குக் கீழே. மூன்று வருடக் கண்காணிப்பு, அவ்வளவுதான். அவளுக்கு உயிர் வந்தது.

மதுரையில் வாரியத்தின் அலுவலகம். பரமானந்தம் அவளை உட்கார வைத்து, மோர் வரவழைத்துக் கொடுத்து, தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் படித்தார். அவரும் கணக்குத் தெரிந்தவர்தான்.

“நீங்க சொல்றது சரியா இருக்கும்னுதான் எனக்கும் தோணுது,” என்றார்.

“அப்ப மாத்துங்க.”

“மாத்த முடியாதேம்மா. பேர் தெரிஞ்ச பிறகு எக்காரணம் கொண்டும் ஒரு எண்ணக்கூட மாத்தக்கூடாது.” அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, மனப்பாடமாகவே சொன்னார். “இது எங்க சட்டம் இல்ல. நீங்க எழுதினது.”

“நட்சத்திரத்துக்கு எழுதினேன் சார். நட்சத்திரத்துக்குத் தப்பாச் சொன்னா எவனும் சாக மாட்டான்.”

“ஒத்துக்கறேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. கைதானது தம்பின்னு தெரிஞ்ச பிறகு அக்கா வந்து கனத்தக் குறைக்கிறாங்க. இத ஏத்துக்கிட்டா நாளைக்கு ஒவ்வொருத்தனும் அக்காவையும் தங்கச்சியையும் கூட்டிட்டு வருவான். வேணும்னு நினைக்கிறது கண்ணுக்குத் தெரியும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

அவளுக்கு அவரை அறையலாமா என்று இருந்தது. அறைந்தால் தம்பிக்கு ஆகாது.

“வேற யாருக்காவது கொடுங்க,” என்றாள். “முதல்லேருந்து பார்க்கச் சொல்லுங்க.”

“தாராளமா. நாட்டுல இந்த வேல தெரிஞ்சவங்க ஏழு பேர் இருக்காங்க. ஏழு பேருக்கும் அனுப்பறேன். ஆனா கண்கட்டோடதான் அனுப்பணும். குழந்தை, மருந்து, தேதி எதுவும் சொல்லக்கூடாது. சொன்னா ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்.”

நியாயமாகத்தான் இருந்தது.

ஏழு பேரில் ஐந்து பேர் அவளிடம் படித்தவர்கள். ஒரு மாதத்தில் அறிக்கைகள் வந்தன. எல்லோரும் எழுபது அலகு அலையைக் கழித்திருந்தார்கள். எல்லோரும் நீள்வட்டத்தைக் கண்டிருந்தார்கள். மூன்று பேருக்கு இரண்டு கோள்களாக இருக்குமோ என்று சந்தேகம் வந்து, ஒன்று போதும் என்று தள்ளியிருந்தார்கள். பதினாலு, பதினாலு புள்ளி இரண்டு, பதின்மூன்று புள்ளி ஒன்பது. ஒருவர்கூடப் பதின்மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. பரீட்சைத் தாளாக இருந்தால் ஏழு பேருக்கும் செண்பகவல்லி முழு மதிப்பெண் போட்டிருப்பாள். கடைசி அறிக்கையின் அடியில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘இவ்வளவு அழகான பாதையைப் பார்த்ததே இல்லை. முதலில் கண்டவர் யாரோ, அவருக்கு என் வாழ்த்து.’

சிறையில் தம்பியைப் பார்க்க ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நடுவில் கண்ணாடி இருந்தது.

“என்னக்கா, நான் பதினாலு வியாழனாமே?” என்றான் திருமேனி. “இம்புட்டுப் பெரிய ஆளுன்னு தெரிஞ்சிருந்தா ஆலையில அந்த சூப்பர்வைசர நாலு வார்த்த கூடக் கேட்டுருப்பேன்.”

“பதினொண்ணே சொச்சம்தான்டா நீ. நான் கணக்குப் போட்டுட்டேன். மிச்சம் பூராவும் பிள்ளைக்குள்ளது.”

அவன் சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

“பிள்ளைக்குள்ளத என் பேர்ல எழுதுனா என்னக்கா, நல்லதுதான. அவ பேர் வெளிய வர வேண்டாம். நீ அழாத. நான்தான்னு ஒனக்குத் தெரியாதுல்லா.”

பங்குனி மாதம் அவனைத் தூக்கில் போட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து செண்பகவல்லி வாரியத்துக்கு எழுதி, வடிவின் புதிய வளைவைக் கேட்டாள். பரமானந்தம் மறுக்காமல் அனுப்பினார். பெயரை மறைக்கவில்லை, வழக்குதான் முடிந்துவிட்டதே. நாற்பத்திரண்டு நாள் அலை அடியோடு போயிருந்தது. இருபத்தொரு நாள் அலை மட்டும் தன்னந்தனியாக, பிசகில்லாத வட்டமாக, ஒவ்வொரு ஊசிக்கும் எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது. துணை இரண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவள் சொன்னது சரி. மேசையில் தலையை வைத்து அழுதாள்.

பிறகு உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினாள். தம்பிதான் போய்விட்டான்; உள்ளே இருக்கிற மற்றவர்களாவது பிழைக்கட்டும் என்று எழுதினாள். நீள்வட்டத்தில் ஒரு துணை என்று எழுதப்பட்ட தீர்ப்புகளில் பலவற்றில் இரண்டு பேர் இருக்கலாம், கனத்தை ஒருவர் தலையிலேயே கட்டுவது அநியாயம், கீழே உள்ள வளைவே ஆதாரம். ஒரு துணை மறைந்ததும் மற்றது தனியாகத் தெரிகிறது என்று படம் போட்டு விளக்கியிருந்தாள். அனுப்பிய இரண்டே வாரத்தில் பரமானந்தத்திடமிருந்து பதில் வந்தது. கட்டுரையை வாரியம் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறது, முடிந்த வழக்குகளுக்கு அது பொருந்தாது, ஆனால் இனி வரும் வழக்குகளில் இந்தத் தவறு நேராமல் ஒரு புதிய சோதனை சேர்க்கப்படுகிறது, கண்டுபிடித்தவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். சுற்றறிக்கையையும் இணைத்திருந்தார்.

‘செண்பகவல்லி சோதனை: மறைதுணை ஒருவரா இருவரா என்ற சந்தேகம் எழுந்தால், இருவரில் ஒருவரை நீக்கிவிட்டு, வளைவு எப்படி மாறுகிறது என்று பார்க்கவும்.’

அவள் அதை மூன்று முறை படித்தாள். நீக்குவது என்றால் என்ன என்று சுற்றறிக்கையில் எங்கும் சொல்லப்படவில்லை.

வேலையை விட்டுவிட அவளால் முடியவில்லை. வடிவுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை; ஆதிரையின் மருந்து செண்பகவல்லியின் ஊழியர் வைத்திய அட்டையில்தான் வந்துகொண்டிருந்தது. அட்டை நின்றால் மருந்தும் நிற்கும். வடிவு இன்னும் அவளிடம் சரியாகப் பேசுவதில்லை. மருந்து நாட்களில் மட்டும், “வாங்க மதினி” என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவாள்.

ஐப்பசியில் கோதண்டபாணி ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நூற்றுப் பன்னிரண்டாம் எண். அவள் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார். வளைவைப் போட்டுப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் பிடிபட்டுவிட்டது, அவள் கை அப்படி. நீள்வட்டத்தில் ஒரு துணை என்றால் பதின்மூன்று புள்ளி எட்டு. வட்டத்தில் இரண்டு என்றால் பத்தும் ஏழும். இரண்டும் ஒன்றுபோலப் பொருந்தின.

நட்சத்திரத்துக்கும் மனிதருக்கும் பொதுவான படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் அச்சடித்திருந்தார்கள். துணை ஒன்றா, இரண்டா, சந்தேகமா? ஒன்று என்று எழுதினால் தூக்கு. இரண்டு என்றோ சந்தேகம் என்றோ எழுதினால் சோதனை, இருவரில் ஒருவரை நீக்குவார்கள். காலியாக விட்டால் மற்ற ஏழு பேருக்குப் போகும். அவர்கள் ஒன்று என்றுதான் எழுதுவார்கள், அவள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். உறை ஒட்டியபடி பக்கத்தில் கிடந்தது. இத்தனை யோசிக்க வேண்டியதே இல்லையோ என்னவோ, இது நட்சத்திரமாகவும் இருக்கலாம்.